வைரம் குடியேறிய கூடு

குளத்துக்கு மேலே சாய்ந்து நின்ற பனைமரத்தில் மஞ்சக்கொண்டை என்கிற தூக்கணாங்குருவி கூடு கட்டிக்கொண்டிருந்தான். பாதிக் கூடுதான் ஆகியிருந்தது. அந்தக் குருவிகளின் வழக்கம் அப்படி. ஆண் பாதி கட்டி நிறுத்திவிட வேண்டும். பெண் வந்து உட்கார்ந்து, ஆட்டிப் பார்த்து, நாரை இழுத்துப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் மீதிப் பாதி. பிடிக்காவிட்டால் பறந்து போய்விடும். காரணம்கூடச் சொல்லாது.

மஞ்சக்கொண்டையை இந்தப் பருவத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். பாவம், நொந்துபோயிருந்தான். மூன்றாவதாக வந்தவள் தவிட்டி. அவள் கூட்டைப் பிடித்துத் தொங்கினாள். நாரை இழுத்தாள். அது அசையவில்லை.

"கெட்டியாத்தான் கட்டியிருக்கே. மழை வர்றதுக்குள்ள வாசல் குழாயை முடிச்சிடு. உள்ளே ஒரு மின்மினியும் ஒட்டி வை, இருட்டு எனக்கு ஆகாது. எனக்கு முட்டையிடுற நாள் நெருங்குது. நீ முடிக்கலைன்னா வேற வீடு பார்த்துக்குவேன்" என்றாள்.

மஞ்சக்கொண்டைக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ஒரு மின்மினியைப் பிடித்து வந்தான். அதை ஒட்ட ஈரக் களிமண் எடுக்கக் குளக்கரைக்குப் போனான். போனவன் களிமண்ணோடு மட்டும் வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. சேற்றில் ஒரு சின்னக் கல் கிடந்தது. வெயில் பட்டு ஏழு நிறமும் தெறித்தது. அதையும் கொத்திக்கொண்டு வந்துவிட்டான்.

பக்கத்து மரப் பொந்தில் சொக்கி என்று ஒரு கிளி இருந்தாள். டவுனில் ஒரு நகைக்கடை முதலாளி வீட்டுக் கூண்டில் வளர்ந்து, கதவு திறந்திருந்த நேரம் பார்த்துத் தப்பி வந்தவள். தெரியாத விஷயமே கிடையாது அவளுக்கு. தெரியாததையும் சொல்லுவாள்.

"அடேயப்பா, இது வைரம்டா" என்றாள் சொக்கி.

"வைரம்னா என்ன அக்கா?"

"மனுஷங்க பேச்சுல அதுக்கு மேல வார்த்தை கிடையாது. நல்லவனைப் பார்த்தா 'அவரு வைரம்'பாங்க. எங்க முதலாளி பையனைக் கொஞ்சுறப்போ 'என் வைரமே'ன்னுதான் கூப்பிடுவாரு. அதே பையன் வைரம் இருக்கிற பெட்டியைத் தொட்டா முதுகிலே நாலு வைப்பாரு."

"அதை வைச்சு என்ன செய்வாங்க?"

"பூட்டி வைப்பாங்க. தேயாது, மழையிலே ஊறாது, கறையான் அரிக்காது. ஆனாலும் இரும்புப் பெட்டி, அதுக்கு மேல ஒரு கதவு, அதுக்கு வெளியே ஒரு காவல்காரன். முதலாளியம்மா கல்யாணத்துக்குப் போறப்போ கண்ணாடிக் கல்லு தோடு போட்டுக்கிட்டுப் போவாங்க. நிஜ வைரம் வீட்டிலேயே இருக்கும்."

"அவ்வளவு பெரிய பொருளா" என்று வாயைப் பிளந்தான் மஞ்சக்கொண்டை. கேட்டவன் புத்தி எங்கே போயிற்றோ, அந்த அம்மாள் ஏன் கண்ணாடிக் கல் போட்டுக்கொண்டு போனாள் என்று மட்டும் கேட்கவில்லை.

கூட்டுக்குள் களிமண்ணை அப்பி வைரத்தைப் பதித்தான். "உனக்கு இங்கே வேலை இல்லே, போ" என்று மின்மினியை அனுப்பிவிட்டான். அது நேரே அடுத்த ஓலையில் கூடு கட்டிக்கொண்டிருந்த கட்டையனிடம் போனது. கட்டையனின் கூடு கொஞ்சம் கோணல். வேண்டாமென்று சொல்ல அவனுக்கு யாரும் வரவே இல்லை.

பொழுது சாய்ந்ததும் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தான் மஞ்சக்கொண்டை. உள்ளே ஒரே இருட்டு. வைரம் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. பகலெல்லாம் மின்னிக் களைத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அதன் பிறகு அவனுக்கு நிம்மதி போயிற்று. அணில் தாண்டினாலும் சந்தேகம், காக்கை தும்மினாலும் சந்தேகம். வாசல் வைத்தால்தானே எவனாவது நுழைவான்? நல்ல நாராகப் பார்த்துக் கிழித்து வந்து, வாசல் வர வேண்டிய இடத்தை இறுகப் பின்னி மூடினான். காவல்காரன் வெளியேதானே இருக்க வேண்டும்? அவனும் வெளியே ஓலைமேல் உட்கார்ந்துகொண்டான்.

வானம் கறுத்து வந்த நாளில் தவிட்டி திரும்பி வந்தாள். கூட்டை ஒரு சுற்று சுற்றினாள். இன்னொரு சுற்றும் சுற்றினாள்.

"வாசல் எங்கே?"

"வைக்கலே. உள்ளே வைரம் இருக்கு."

"நான் எங்கே இருக்கிறது?"

மஞ்சக்கொண்டை யோசித்தான். இந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றவே இல்லை. "என்கூட வெளியே உட்காரேன். ரெண்டு பேரா இருந்தா காவலுக்கும் நல்லது" என்றான்.

"முட்டையை?"

தவிட்டிக்குக் கோபத்தில் கழுத்து இறகு சிலிர்த்தது. "இதைப் பிரிச்சு ஒரு வாசல் விடு. மழைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. நானும் கூட நின்னு பின்னித் தர்றேன்" என்றாள், மனசு கேட்காமல்.

மஞ்சக்கொண்டை நாரில் அலகை வைத்தான். கீழே பாறைமேல் ஒரு காக்கை உட்கார்ந்து சிறகு கோதிக்கொண்டிருந்தது. "இப்போ வேண்டாம். அது பார்க்குது" என்று அலகை எடுத்துவிட்டான்.

தவிட்டி சிறகை விரித்தாள். அடுத்த ஓலையில் கட்டையன், யாரும் வராவிட்டாலும் தன் கோணல் கூட்டுக்கு வாசலையும் வைத்து முடித்திருந்தான். உள்ளே மின்மினி எரிந்தது. போய் உட்கார்ந்து பார்த்தாள், சரி என்றாள்.

மழை பிடித்துக்கொண்டது. பாறையில் இருந்த காக்கை எப்போதோ போய்விட்டது. மஞ்சக்கொண்டை மட்டும் தன் கூட்டின்மேல் உட்கார்ந்து, இறகெல்லாம் ஒட்டிப்போய் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். பார்க்கவே பாவமாக இருந்தது. தவிட்டி கோணல் வாசலில் தலையை நீட்டினாள்.

"ஏன்யா, உள்ளே வைரம் நனையாம இருக்கா?"

மஞ்சக்கொண்டை கூட்டின்மேல் காதை வைத்துக் கேட்டான்.

"ஒரு சொட்டு விழலே" என்றான் பெருமையாக.

மழையில் நனைந்தாலும் கெடாத பொருளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறவன், நனைந்தால் தாங்காத தன்னையும் தன்னவர்களையும் தெருவில் நிறுத்திவிடுவான்.