பாறைக்குப் போகாமல் கேட்டது

"அது பொய் சொல்லுது டீச்சர்," என்றார் சுடலைமுத்து.

செண்பகவல்லி டீச்சர் படியில் உட்கார்ந்து, காலைக் கவ்வியிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். எது பொய் சொல்லுது என்று நிமிராமலே கேட்டாள்.

அவர் லேப்டாப்பை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவர்கள் இருந்தது தேயிலை எஸ்டேட்டுக்கு மேலே, மூடிப்போன பால்வாடிக் கட்டடம். சுவரில் வரைந்த அணிலும் ஆடும் இன்னும் அழியவில்லை. அங்கே தங்கி டீச்சரிடம் சிலர் புரோகிராம் எழுதக் கற்றார்கள். அவளுக்கு சுடலைமுத்துவின் மகள் வயசு. அதனால் என்ன, விஷயம் தெரிந்தவள் அவள்தான்.

அவர்கள் எழுதியது யானைக்காக. காட்டோரம் யானை வந்தால் லயத்து வீடுகளில் இருக்கிற எஸ்டேட் ஆட்களின் போனுக்குச் செய்தி போகணும். எல்லாரும் எழுதுவது டவுனில் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிற பொதுக் களஞ்சியத்தில் போய்ச் சேரும். ஆனால் கட்டடத்தில் சிக்னல் கிடையாது. ஏற்றணும், இறக்கணும் என்றால் மேலே பாறைக்குப் போகணும்.

சுடலைமுத்து மாட்டிக்கொண்டது இதில்தான்.

காலையில் கட்டடத்துக்குள் உட்கார்ந்தே லேப்டாப்பைக் கேட்டார், என்னிடம் இருப்பதற்கும் களஞ்சியத்தில் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டா என்று. கடைசியாகப் பாறையில் இறக்கியபோது பார்த்ததை வைத்து, இல்லை, இரண்டும் ஒன்றுதான் என்றது. நம்பினார். புதுசாக நாலு வரி எழுதினார். பாறைக்கு ஏறி அனுப்பினார்.

களஞ்சியம் வாங்க மாட்டேன் என்றது.

திரும்ப அனுப்பினார். திரும்பவும் மாட்டேன் என்றது.

ஃபோர்ஸ் என்று ஒரு கட்டளை உண்டு. அதைப் போட்டால் களஞ்சியம் வாயைத் திறக்காது, இருப்பதை எடுத்துவிட்டு வந்ததை வைத்துக்கொள்ளும். போட்டார்.

முந்தின நாள் ஆரோக்கியசாமி அங்கே ஏற்றி வைத்திருந்த வேலை மொத்தமும் காணாமல் போனது.

சுடலைமுத்துவை இங்கே கூட்டிக்கொண்டு வந்ததே ஆரோக்கியசாமிதான். விஷயம் தெரிந்ததும் அவர் எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தார். அவ்வளவுதான் சுடலைமுத்து பார்த்தது. அதற்கு மேல் நிற்க முடியாமல் பின்பக்கம் போய்விட்டார்.

நாலு மணிக்கு பஸ். ஒரு நாளைக்கு அது ஒன்றுதான்.

"இரண்டும் ஒண்ணுன்னு அதுதானே சொல்லிச்சு. அதை நம்பித்தானே செஞ்சேன்," என்றார்.

களஞ்சியம் மாட்டேன் என்றபோது ஏன் என்று பார்த்தீர்களா என்று டீச்சர் கேட்டாள்.

"மழை வர்ற மாதிரி இருந்திச்சு."

டீச்சர் இன்னும் கொஞ்சம் உப்பு வைத்தாள். அட்டை சுருண்டு விழுந்தது.

அதற்கப்புறம் தான் செய்ததையெல்லாம் அவர் ஒப்பித்தார். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். களஞ்சியத்தின் முகவரிக்கு வேறு பேர் வைத்துப் பார்த்தார். பேர் மாறியது. பதில் மாறவில்லை. இப்பவும் இரண்டும் ஒன்றுதான் என்கிறது.

"ஆரோக்கியத்துக்கும் வேற பேரு வெச்சுப் பாத்தீங்களா அண்ணே?"

சுடலைமுத்துவுக்குச் சிரிக்கணுமா அழணுமா என்று தெரியவில்லை.

"ஆரோக்கியம் என்ன செய்யுறார்?" என்றாள்.

"கிளம்பிட்டிருக்கார். என் மூஞ்சியில இனி முழிக்க மாட்டார்."

"எப்ப பாத்தீங்க?"

"காலையில."

"நான் இப்பதைக் கேட்டேன்."

அவர் லேப்டாப்பைப் படியில் வைத்தார். உள்ளே போனார். ஆள் இல்லை, ஆணியில் பையும் இல்லை. சமையல்கட்டில் எட்டிப் பார்த்தார். அங்கேயும் இல்லை. படிக்கு ஓடி வந்தார்.

"போயிட்டார் டீச்சர்."

"போயிட்டாரா?"

"போயிருக்கணும்."

"இதையும் லேப்டாப்புதான் சொல்லிச்சா?"

இதென்ன கேள்வி என்று சுடலைமுத்துவுக்குக் கோபமாக வந்தது. லேப்டாப்புக்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்? இவளிடம் எதைக் கேட்டாலும் ஒரு கேள்விதான் திரும்பி வருது. நேராகச் சொன்னால் என்ன குறைந்துபோகும்? அவள் அடுத்த காலைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அவர் கீழே பஸ் நிறுத்தத்தை எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் நிற்கவில்லை. வேறு எங்கே தேடுவது என்றும் தெரியவில்லை. கால் அதுபாட்டுக்குப் பாறைப் பக்கம் போனது.

பாறை மேல் ஆரோக்கியசாமி உட்கார்ந்திருந்தார். மடியில் லேப்டாப். பைக்குள் இருந்த குடை அதற்கு மேல் விரிந்திருந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

சுடலைமுத்து கொஞ்சம் தள்ளியே நின்றார். என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று புரியவில்லை. கேட்கவும் பயம். நின்றார்.

ஆரோக்கியசாமியே சொன்னார். தன் வேலை தன் லேப்டாப்பில் அப்படியேதான் இருக்கு, களஞ்சியத்திலிருந்து சுடலைமுத்துவின் நாலு வரியையும் இறக்கி அதோடு சேர்த்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு இடத்தில் முட்டுது, அதைச் சரி பண்ணிட்டுச் சேர்த்தே ஏற்றிவிடுவேன் என்றார். சொல்லும்போது திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்போ எதுவும் போகலையா?"

"எங்க போகும்?"

கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. நின்றது. யாரோ ஒருத்தர் இறங்கினார். பஸ் கிளம்பிப் போனது. ஆரோக்கியசாமி தலையைத் தூக்கவில்லை.

சுடலைமுத்து பக்கத்தில் போய் உட்கார்ந்தார். குடையின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என் மேல கோவமா தம்பி?"

"காலையில இருந்திச்சு."

"இப்ப?"

"இப்பதானே அண்ணே பாறைக்கு வந்து கேக்குறீங்க."