கரை காத்தவர்

செங்கழுநீர்க் குளத்தின் மேல்கோடியில் ஒரு மடம். மடத்தில் இரண்டே பேர். சாமி ஒருவர், சீடர் ஒருவர். சீடர் தாணுலிங்கத்துக்குச் சாமியைவிட மூன்று வயது கூட. நாற்பது வருஷம் செய்யுள் படித்துவிட்டு, படித்தது போதவில்லை என்று வந்து சேர்ந்தவர். வரும்போது வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு வந்தார். செருக்கை விட மறந்துவிட்டார்.

அந்த ஐப்பசியில் பதினோரு நாள் விடாமல் மழை பெய்தது. குளம் முட்டி நின்றது. கரை கசிந்தது. கீழத்தெருக் கொம்பையா முங்கிப் போய் மடையைத் திறந்தான். தண்ணீர் வாய்க்காலுக்குப் பாய்ந்தது. ஊர் பிழைத்தது. கொம்பையா தண்ணீரோடு மடைக்குள் இழுபட்டு, மறுபக்கம் வாய்க்காலில் பிணமாக வந்து கிடந்தான்.

தை மாதம் கரைமேல் ஒரு கல் நடுவதாக ஏற்பாடாயிற்று. 'கரை காத்தவர்' என்று தலைப்பு. அதற்குக் கீழே பண்ணையார் பெயர். மடை திறந்த அன்று அவர் குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்றாராம். பெயருக்குக் கீழே ஒரு வெண்பா. வெண்பாவுக்குக் கீழே பாடியவர் பெயர்.

தாணுலிங்கத்தைக் கேட்டார்கள். அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஏடு செல்லரிக்கும், தாள் மக்கும், கல் நிற்கும்.

பாட்டு முடிந்த அன்று முப்பிடாதி வந்தாள். கொம்பையாவின் பெண்டாட்டி. வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"புலவரய்யா, கல்லுல பாட்டு வெட்டப் போறாகளாமே?"

"ஆமாம்மா."

"எங்க வீட்டு ஆளு பேரு அதுல ஒரு ஓரமா வருமா?"

தாணுலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வெண்பான்னா சும்மா இல்லம்மா. சீர் பாத்து வைக்கணும். அந்தப் பேரை வச்சா தளை தட்டும்."

"தட்டுனா?"

"பாட்டு கெட்டுப்போகும்."



"ஒரு முழத்து மடைவாயில நுழைஞ்சு அந்தப் பக்கம் வந்த மனுசன்யா. உங்க பாட்டுக்குள்ள நுழைய மாட்டாராக்கும்."

அழவில்லை. இறக்கி வைத்திருந்த புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

தாணுலிங்கம் உள்ளே போனார்.

"சாமி, அந்தப் பொம்பளைக்கு யாப்பு தெரியவில்லை. எப்படி விளங்க வைப்பது?"

"பாட்டைச் சொல்லும்."

சொன்னார். முதலடியில் தாமரை முகம் காட்டியது, குவளை கண் விழித்தது. இரண்டாமடியில் கயல் துள்ளியது. மூன்றாமடியில் அன்னம் நடை பயின்றது. நான்காமடியில் பண்ணையார் கரை காத்தார்.

"அன்னம் எந்தப் பக்கம் மேய்கிறது?"

"இங்கே ஏது சாமி அன்னம்? கொக்கும் நீர்க்காக்கையும்தான்."

"பாட்டில் இருக்கிறதே."

"குளத்தைப் பாடினால் அன்னம் வர வேண்டும். மரபு."

"அது தட்டவில்லையா?"



சாமி எழுந்தார். "வேட்டியை இறுக்கிக் கட்டும். மடை வரைக்கும் போய்வரலாம்."

குளத்துக்குள் இரண்டு கல்தூண்கள் தலை நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நேர் கீழே, இரண்டு ஆள் ஆழத்தில், மடைவாய். அதை ஒரு கல் மூடியிருக்கும். திறக்கிறவன் மூச்சைப் பிடித்து முங்கி, அந்தக் கல்லைப் புரட்ட வேண்டும். கல் புரண்ட நொடியே தண்ணீர் அவனையும் சேர்த்து இழுக்கும். விலகத் தெரிந்தால் பிழைப்பான்.

"கல்லைப் புரட்ட வேண்டாம். தொட்டுவிட்டு வாரும்" என்றார் சாமி.

தாணுலிங்கத்துக்கு நீச்சல் தெரியும். மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினார். சாமி பத்து எண்ணுவதற்குள் மேலே வந்துவிட்டார். தூணைக் கட்டிக்கொண்டு இருமினார். கண் சிவந்திருந்தது.

"என்ன கண்டீர்?"

"ஒன்றுமே தெரியவில்லை சாமி. இருட்டு. சேறு."

"தாமரை?"

"கொடி காலைச் சுற்றிக்கொண்டது. செத்தேன் என்று நினைத்தேன்."

"மடையைத் தொட்டீரா?"

"இல்லை. பாதியிலேயே திரும்பிவிட்டேன்."

"நல்ல வேளை. திரும்ப முடிந்தது" என்றார் சாமி.

அன்று சாயங்காலம் தாணுலிங்கம் அன்னத்தை அடித்தார். அந்த இடத்தில் கொம்பையாவை வைத்தார். பண்ணையார் பெயரை எடுத்துவிட்டு, கரை காத்ததையும் கொம்பையாவுக்கே கொடுத்தார். தளை தட்டியது. தட்டட்டும் என்று விட்டுவிட்டார்.

பண்ணையார் அதைப் படித்துவிட்டுக் கோபப்படவில்லை. கோபப்பட வேண்டிய நிலையில் அவர் என்றைக்கும் இருந்ததில்லை.

"புலவருக்கு வயசாயிட்டு. இலக்கணம் தப்புது பாருங்க" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் டவுனிலிருந்து வேறொரு புலவர் வந்தார். அவர் பாட்டில் இரண்டு அன்னங்கள். கல் நட்டார்கள். மாலை போட்டார்கள். பண்ணையிலிருந்து மடத்துக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. முப்பிடாதி கேப்பை மாவு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள்.

தாணுலிங்கம் அந்த மாவில் காய்ச்சிய கூழை நிமிர்ந்து உட்கார்ந்து குடித்தார். உண்மையைச் சொல்லித் தோற்றவன் நான் என்று மடத்துக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். தோற்றதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மினுக்கம் இருந்தது.

அடுத்த ஐப்பசியும் வந்தது. ஒன்பதாம் நாள் மழையில் கரை மறுபடி கசிந்தது. காலையில் ஊரே கரையில் கூடிவிட்டது. கொம்பையாவின் தம்பி பலவேசத்தை நடுவில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"இறங்குடா. உங்க குடும்பத்து வேலைதானடா இது?"

"அண்ணன் போனது போதும். நான் இறங்க மாட்டேன்."

"ஊரே முழுகப் போகுதுடா!"

"முழுகட்டும்."

தாணுலிங்கம் மடத்துப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மடம் மேட்டில் இருந்தது. எந்த மழைக்கும் அங்கே தண்ணீர் எட்டியதில்லை. அவருக்கு ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"அவனை ஏன்யா இழுக்கிறீங்க? கரை காத்தவர் பேருதான் கல்லுல இருக்கே! அவரை இறங்கச் சொல்லுங்க!"

கூட்டம் ஒரு நொடி அசந்து போயிற்று. பிறகு எவனோ சிரித்தான். "போடு!" என்றான் ஒருவன். விசில் ஒன்று கிளம்பியது. பண்ணையாரின் குடை லேசாக ஆடியது. நாற்பது வருஷம் பாடிய பாட்டு எதற்கும் தாணுலிங்கம் இப்படி ஓர் ஆரவாரம் கேட்டதில்லை. மழையில் நனைந்தபடி மார்பை நிமிர்த்தினார்.

அப்போதுதான் முப்பிடாதி கரையேறி வந்தாள். இடுப்பில் அரிசிப் பானை, தோளில் ஓர் ஆட்டுக்குட்டி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கொழுந்தனாரே, தண்ணி நம்ம வாசலுக்கு வந்துட்டு" என்றாள்.

பலவேசம் அவளைப் பார்த்தான். தலைத்துண்டை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தான். குளத்தில் இறங்கினான்.

தூண்களுக்கு நடுவே முங்கினான். மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் இரைந்தது. மடை திறந்துவிட்டது. கூட்டம் கத்தியது, கைதட்டியது. முப்பிடாதி மட்டும் பானையைப் போட்டுவிட்டு வாய்க்காலை நோக்கி ஓடினாள்.

பலவேசம் அங்கே வரவில்லை. தூணுக்குப் பக்கத்திலேயே தலை தெரிந்தது. நாலு பேர் இறங்கி இழுத்துப் போட்டார்கள். உயிர் இருந்தது. மடைவாய் இழுத்த வலது கை தோளிலிருந்து வேறு யாருடையதோ மாதிரித் தொங்கியது. அந்தக் கை இனி மண்வெட்டி பிடிக்காது என்று பார்த்த உடனே எல்லோருக்கும் தெரிந்தது.

பண்ணையார் வீட்டுக்குத் திரும்பினார். போகும் வழியில் கல்லின்மேல் தெறித்திருந்த சேற்றைத் துடைக்கச் சொல்லி ஆளிடம் கை காட்டினார்.

கூட்டம் கலைந்தது. தாணுலிங்கம் படியிலேயே நின்றார். சாமி பின்னால் வந்து நின்றார்.

"சாமி, நான் சொன்னது நியாயம்தானே?"

"நியாயம்தான்."

"எல்லாரும் கேட்டார்களே. பலவேசமும் கேட்டான். பிறகு ஏன் இறங்கினான்?"

"கரை உடைந்தால் முதலில் எது முழுகும்?"

"கீழத்தெரு."

"நீர் எங்கே நின்று சொன்னீர்?"

தாணுலிங்கம் குனிந்து, தண்ணீர் எட்டாத அந்தப் படியைப் பார்த்தார்.