மூன்றாவது சில்லு

முன்னொரு காலத்தில், வேங்கைநாட்டைச் சித்திரவாகனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். மனிதர் நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. வழக்கு விசாரிக்கச் சொன்னால் கொட்டாவி வரும், விளையாட்டு என்றால் சாப்பாடு மறந்துபோகும்.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பெரிய ஏரியில் பாதித் தண்ணீர்தான். ஒரு நாளைக்கு ஒரு வாய்க்காலில்தான் திறந்துவிட முடியும். வாய்க்காலோ மூன்று. ஒன்று அரண்மனை நந்தவனத்துக்கு. இன்னொன்று சபையில் ராஜாவின் காதருகே உட்கார்ந்திருக்கும் பூபாலராயரின் வாழைத்தோட்டத்துக்கு. மூன்றாவது கீழமடை ஊர் நெல்வயலுக்கு.

கீழமடைக்காகப் பேச வந்தவள் சடைச்சி. நாற்பது வயது, பத்து மா நிலம், யாருக்கும் பயப்படாத வாய்.

"மகாராசா, இரண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணி பாஞ்சாத்தான் பயிரு பொழைக்கும். இல்லேன்னா ஊரே பட்டினி" என்றாள்.

ராஜாவுக்கு உடனே ஒரு விளையாட்டு தோன்றிவிட்டது. ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளையும் பூசிய இரண்டு மரச் சில்லுகளைக் கொண்டுவரச் சொன்னார். "தினம் விடியற்காலையில் மடைக்காவலர் இவற்றை ஊரறியச் சுண்டிப் போடட்டும். இரண்டும் சிவப்பு, இரண்டும் வெள்ளை, ஒன்று சிவப்பு ஒன்று வெள்ளை. மூன்று விதம், மூன்று வாய்க்கால்! இரண்டும் சிவப்பானால் நந்தவனத்துக்கு. மற்றதை நீங்கள் பிரித்துக்கொள்ளுங்கள்."

ராயர் மீசையைத் தடவினார். "இரண்டும் ஒரே நிறமாக விழுவதுதான் கௌரவம், பிரபு. வெள்ளை எனக்கு. சிவப்பும் வெள்ளையுமாகக் கலந்து விழுகிறதே, அது இவர்களுக்குப் போதும்."

சடைச்சி முகத்தைச் சுண்டைவற்றல் மாதிரி சுருக்கிக்கொண்டாள். "பெரியவுக தள்ளினதை நாங்க எடுத்துக்கிறோம், மகாராசா. நாங்க வேற என்ன சொல்ல?" வெளியே வந்த பிறகுதான் சிரித்தாள்.

முப்பது நாள் போயிற்று. நந்தவனத்துக்கு எட்டு நாள், ராயருக்கு ஆறு நாள், கீழமடைக்குப் பதினாறு நாள்! நெல் பால்பிடித்து நின்றது. ராயரின் வாழையோ தலையைத் தொங்கப்போட்டது. ராயர் சபைக்குப் பாய்ந்து வந்தார்.

"மோசடி, பிரபு! மூன்று விதம் என்றால் ஆளுக்குப் பத்து நாள் வரவேண்டும். இவள் மடைக்காவலரை மயக்கியிருக்கிறாள். இல்லையென்றால் சில்லுக்கு மந்திரம் போட்டிருக்கிறாள்!"

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சடைச்சி, உன் பக்கம் நியாயம் இருந்தால் காட்டு. காட்டாவிட்டால் கீழமடைக்கு இனி ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது."

பால்பிடித்த நெல் தண்ணீர் இல்லாமல் பத்து நாள் தாங்காது. ஆனால் சடைச்சி கேட்டது ஒரு துளி மஞ்சள்தான். ஒரு சில்லின் ஓரத்தில் அதைத் தடவினாள்.

"மஞ்சள் பூசினவரு மூத்தவரு. பூசாதவரு இளையவரு. இப்ப எண்ணுங்க மகாராசா. ரெண்டு பேரும் சிவப்பு, அது உங்களுக்கு. ரெண்டு பேரும் வெள்ளை, அது ராயருக்கு. மூத்தவரு சிவப்பு, இளையவரு வெள்ளை?"

"உனக்கு."

"மூத்தவரு வெள்ளை, இளையவரு சிவப்பு?"

"அதுவும் உனக்..." ராஜா வாயைத் திறந்தபடி நின்றார். "அடேயப்பா! விழுகிற விதம் மூன்றில்லை, நாலு! அதில் இரண்டு உன்னுடையது!"

"நாலும் ஒண்ணுக்கொண்ணு சளைக்காது மகாராசா. அதனாலதான் பாதி நாளு எங்களுக்கு வருது. மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. வெள்ளையைப் பொறுக்கிக்கிட்டவரும் ராயருதான்."

ராஜா நம்பாமல் தானே தரையில் உட்கார்ந்து போட ஆரம்பித்தார். இட்லி ஆறிப்போயிற்று. நூறு தரம் போட்டதில் கலந்து விழுந்தது நாற்பத்தொன்பது. ராஜா குழந்தை மாதிரி கைதட்டினார்.

ராயருக்கு அவமானம் பொறுக்கவில்லை. கணக்கு தலையில் ஏறவும் இல்லை. "பிரபு, குறை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன்! ஆள் மூன்று, சில்லு இரண்டு. எப்படி நியாயம் வரும்? இன்னொரு சில்லு சேருங்கள். மூன்றும் சிவப்பு உங்களுக்கு, மூன்றும் வெள்ளை எனக்கு, மற்றதெல்லாம் அவளுக்கு. மாற்றமாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள்!"

"கொடுத்தேன்! சடைச்சி, உனக்குச் சம்மதமா?"

"ராயரு இவ்வளவு தூரம் கேக்குறாரு. மறுத்தா மரியாதையா இருக்குமா?"

ராஜாவுக்கு இப்போது ருசி கண்டுவிட்டதே! மூத்தவர், நடுவிலவர், இளையவர் என்று விரல்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு விதம். மூன்றும் சிவப்பு ஒன்றே ஒன்று. மூன்றும் வெள்ளை ஒன்றே ஒன்று. மீதி ஆறு! சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று விழுந்தது.

"ராயரே, நாலில் ஒன்று வைத்திருந்தீர். எட்டில் ஒன்றாக நீரே கேட்டு வாங்கிக்கொண்டீரே!" என்றவர், தன் பங்கு எட்டில் ஒன்றையும் கீழமடைக்கே விட்டுக்கொடுத்தார். "சடைச்சி, இன்றுமுதல் ஏரி மடைக்கு நீதான் அதிகாரி. தினம் விடியற்காலையில் ராயர் வந்து உன் முன்னால் சில்லுப் போடுவார்."

மறுநாள் ராயர் போட்ட முதல் வீச்சிலேயே மூன்றும் வெள்ளை! மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரை முழுக்கக் குதித்தார். சடைச்சி கோபப்படவில்லை. "இன்னிக்கு உங்க நாளு, சாமி" என்று தானே வாய்க்காலைத் திறந்துவிட்டாள். அதற்கப்புறம் பதினொரு நாள் மூன்று வெள்ளையும் ஒன்றாக விழவே இல்லை. நெல் முற்றிச் சாய்ந்தது. கீழமடையில் அறுவடைக் குலவை அரண்மனைவரை கேட்டது.

புது நெல்லோடு சடைச்சி சபைக்கு வந்த அன்று, ராயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

ராஜா அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார். "உட்காரும் ராயரே! நாலாவது சில்லைக் கேட்டுவிடாதீர்!"