நூல் பிடித்த மாதிரி போன கார்

சுரண்டைப் பக்கம் ஓர் ஊர். பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள். வந்து பக்கத்து வீட்டுக்காரனை அடித்துவிட்டுப் போவார்கள். அவன் பாவம், பேர் வேண்டாம்.

அங்கே செண்பகராஜ் என்றொருவனிடம் பழைய குட்டிக் கார் ஒன்று இருந்தது. பெண் பார்க்கப் போகிற வண்டி சற்று உயரமாக நிற்கட்டுமே என்று, எந்த வண்டிக்கோ செய்த ஸ்பிரிங்கை வாங்கி மாட்டினான். கார் உயர்ந்தது. கூடவே இடது பக்கமாக இழுக்கவும் ஆரம்பித்தது. பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா ஆவுடையப்பன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை இடித்துவிட்டான்.

"ஒம்ம வண்டி மொதல்ல என் வீட்டுக்கு நேரா வரட்டும். அப்புறம் கல்யாணத்தைப் பேசுவோம்" என்று ஆவுடையப்பன் கதவைச் சாத்திவிட்டார். அவர் மகள் கோமதியை நினைத்து நினைத்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவர்கள் மாசானமும் அவன் தம்பி குத்தாலமும். சொன்ன சொல் தட்டாத தங்கக் கம்பிகள். அதுதான் தொல்லையே. செண்பகராஜ் காரை அவர்களிடம் கொண்டுபோனான். ஸ்பிரிங் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டார்கள். அவரும் பொறுமையாகச் சொன்னார்: "வழக்கமா ஏறுற ஆளுங்க எடை வண்டியில இருக்கணும். பக்கத்துல நூல் கட்டி, சக்கரமும் நூலும் ஒத்து வருதான்னு பாருங்க. வேலை முடியுற வரைக்கும் ஸ்டியரிங் அசையக் கூடாது. கடைசியா கையை விட்டு ஓட்டிப் பாருங்க."

மூவரும் காரில் ஏறி உட்கார்ந்தார்கள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலே, நூலை யாரு கட்டுதது?" என்றான் மாசானம்.

"எறங்குனா எடை கொறஞ்சிருமே அண்ணே."

"அதுவும் சரிதான். சொன்ன பேச்சை மீறலாமா?"

ஜன்னல் வழியாக இடுப்பு வரை தொங்கி ஒருவழியாக நூலைக் கட்டினார்கள். பார்த்தால், சக்கரம் ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம்.

"சக்கரம் இரும்பு. அது கோணுமா?" என்றான் குத்தாலம். "நூல்தான் கோணியிருக்கு."

நூலை அவிழ்த்து, சக்கரம் பார்த்த பக்கமாகவே இழுத்துக் கட்டினார்கள். ஒத்துப்போய்விட்டது. என்ன கைவேலை!

ஓட்டிப் பார்த்தால் அப்போதும் இடது பக்கம்தான் இழுத்தது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். அடடா, கார் நேராகப் போனது! செண்பகராஜுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கயித்தை அவுத்துரலாமா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

மாசானம் ஆழமாக யோசித்தான். "வேலை முடியுற வரைக்கும் அசையக் கூடாதுன்னாரே. வேலை எப்ப முடியும்? கல்யாணப் பேச்சு முடிஞ்சாத்தானே?"

ஆக, அவிழ்க்காமலே கிளம்பினார்கள். வளைவு வந்தால் மூவரும் இறங்குவார்கள். ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்குவார்கள். அப்படியே தள்ளித் திருப்பி வைத்துவிட்டு ஏறிக்கொள்வார்கள். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தால், ஊரே வாழ்த்துகிறது என்று கும்பிட்டார்கள்.

ஆவுடையப்பன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கார் தெருவில் நேராக வந்தது. கேட்டின் இரண்டு தூணிலும் படாமல் உள்ளே நுழைந்தது.

"கையை விடுங்க மாப்ள!" என்று கத்தினான் குத்தாலம்.

செண்பகராஜ் கையை விட்டு, மாமனாருக்கு ஒரு கும்பிடு போட்டான். அதோடு விட்டிருந்தால் பிரேக்கையாவது மிதித்திருப்பான். பெரியவர் முன்னால் செருப்புக் காலோடு இருப்பது மரியாதையா என்று தோன்றவே, குனிந்து வாரை அவிழ்க்க ஆரம்பித்தான்.

ஆவுடையப்பன் துள்ளி விலகினார். கார் முன்சுவரை இடித்துக்கொண்டு கூடத்துக்குள் போய் நின்றது. தூசி அடங்கியதும் செண்பகராஜ் வெறுங்காலோடு இறங்கினான். எல்லாம் போச்சு என்று நினைத்தான்.

ஆவுடையப்பன் ஓட்டைக்கு முன்னால் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"போன தடவை ஓரமா இடிச்சீரு. இந்தத் தடவை நட்டநடுவுல இடிச்சிருக்கீரு. சொன்ன சொல்லைக் காப்பாத்துற பிள்ளை! கோமதி, காப்பி கொண்டா!"

செண்பகராஜ் சந்தோஷத்தில் அழுதே விட்டான். மாசானத்துக்குத்தான் மனசு கேட்கவில்லை. பையிலிருந்த நூலை எடுத்து ஓட்டைக்கும் சுவருக்குமாகப் பிடித்துப் பார்த்தான்.

"பெரியவரே, ஓட்டை நேராத்தான் இருக்கு. ஒங்க வீடுதான் லேசா இடது பக்கம் இழுக்குது."

ஆவுடையப்பன் முகம் வாடிப்போயிற்று.

"கல்யாணத்துக்குள்ள அதையும் சரி பண்ணிக் குடுத்துருங்கய்யா" என்றார்.

மாசானம் தம்பியைப் பார்த்தான். "ஏலே, ஜாக்கியை எடு. எல்லாரும் உள்ள போய் உக்காருங்க."