ஏரி திருத்திய தேர்வு

முன்னொரு காலத்தில் ஓர் அரசனுக்குத் திடீரென்று பட்டயங்களின் மேல் ஆசை வந்தது. ஆசையை ஊட்டியவர் கலாசாலைத் தலைவர் மாசிலாமணிப் புலவர். அரசன் குலதெய்வத்தின் முன் சத்தியம் செய்து பறையறைவித்தான். அரசாங்க வேலையை ஒப்பந்தம் எடுப்பவரும் செய்பவரும் கலாசாலைப் பட்டயம் பெற்றிருக்க வேண்டும். மீறினால் கை வெட்டப்படும்.

ஐப்பசி மழை விடவில்லை. பெரிய ஏரியின் கரையில் நீர் கசிந்தது. காலையில் கசிவு கை அகலம். நண்பகலில் ஆள் நுழையும் அகலம். கரைக்குக் கீழே ஊர்.

ஆண்டுதோறும் கரை கட்டும் குப்பாண்டி தன் ஆட்களோடு ஓடிவந்தான். காவலர்கள் ஈட்டியைக் குறுக்கே நீட்டினார்கள். அவர்களிடம் பட்டயம் இல்லை. பட்டயம் உள்ளவர்கள் கரைமேல் நின்று உடைப்பைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் மெல்லச் சொன்னார்: “நூலில் படம் இருந்தது. தண்ணீர் இல்லை.”

செய்தி கேட்டுப் பரிவாரத்தோடு கரைக்கு வந்த அரசனின் முகம் வெளுத்தது. “ஆணையைத் திரும்பப் பெறலாமா?”

“தெய்வத்தின் முன் சொன்ன சொல், மன்னா,” என்றார் புலவர். அவர் பார்வை விகடகவி தோணியப்பன் பக்கம் திரும்பியது. அவன் பேச்சுக்கு அரசன் சிரிப்பது அவருக்கு நெடுநாளாகப் பொறுக்கவில்லை. “எதற்கும் வழி வைத்திருப்பாரே இவர். ஆணை மீறாத வழியைச் சொல்லட்டும். தவறினால் முதல் கை இவருடையது.”

“அப்படியே,” என்றான் அரசன்.

தோணியப்பனின் வீடும் கரைக்குக் கீழேதான். ஒரு மண்கட்டி பெயர்ந்து நீரில் விழுந்தது.

“புலவரே, பட்டயம் எப்படிக் கிடைக்கும்?” என்று கேட்டான் அவன்.

“தேர்வில் தேறினால்.”

“தேர்வுக்கு வருபவர் பட்டயம் காட்ட வேண்டுமா?”

“பட்டயம் இருந்தால் தேர்வுக்கு ஏன் வருகிறார்?” புலவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

தோணியப்பன் அரசனை வணங்கினான். “மன்னா, இங்கே வேலை எதுவும் நடக்கப்போவதில்லை. தேர்வு நடக்கிறது. கேள்வி ஒன்றுதான். உடைப்பை அடை.”

“விடையை யார் திருத்துவது?” என்றார் புலவர்.

“ஏரி.”

அரசன் கையசைத்தான். ஈட்டிகள் விலகின.

மூங்கில் ஊன்றினார்கள். வைக்கோலும் களிமண்ணும் திணித்தார்கள். நீர் அள்ளிக்கொண்டு போனது. மறுபடி ஊன்றினார்கள். மறுபடி போனது. அரசன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

“சாமி, அங்கிட்டு நில்லுங்க,” என்றான் குப்பாண்டி புலவரிடம். “நீங்க நிக்கிற மண்ணுதான் எங்களுக்கு வேணும்.”

பொழுது சாயும் நேரத்தில் நீர் கசிவாகக் குறைந்தது, சொட்டியது, நின்றது.

புலவர் அங்கேயே பட்டயங்களை எழுதினார். குப்பாண்டி தன்னுடையதை மடியில் செருகிக்கொண்டு கரைமேல் உட்கார்ந்தான்.

“மேல்மண் இன்னும் போடவில்லையே,” என்றார் புலவர்.

“பட்டயம் வாங்கிட்டோம்ல, சாமி. இனிமே நாங்களும் மேல நின்னு பார்ப்போம்.”

அரசன் சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். குப்பாண்டியும் சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்தான்.

“தோணியப்பா, மேட்டுத் தெருவில் உனக்கு ஒரு மாளிகை தந்தேன். வேறென்ன வேண்டும்?”

“கரையடியில் என் வீடு காலியாகும், மன்னா. அதைப் புலவருக்குக் கொடுங்கள்.”

அரசன் மறுபடியும் சிரித்தான். அப்படியே கொடுத்தான்.