சுத்தாத காத்தாடி

ஒரு ஊர்ல ஒரு பூங்காவனம் இருந்தா. மலை மேல வீடு. கையில ஊசி நூலு வந்துட்டா அவளுக்குத் தலைகால் புரியாது, அவ்ளோ பெருமை. கேட்டுக்கிட்டிருக்கியா? ம் கொட்டு.

அவளுக்கு உன்னாட்டம் ஒரு பொண்ணு, மயிலு. பொழுது சாஞ்சா போதும், மலைக்காத்து "ஹூஊஊ"ன்னு கூரை இடுக்கு வழியா உள்ள வந்துரும். மயிலுக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல, ஒரே இருமல்.

அப்போ பூங்காவனம் தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தினா: "ஏ காத்தே! எங்கம்மா வீட்டுக் காத்தாடிப் போர்வை தைக்கப்போறேன். முடிஞ்சா நுழைஞ்சு பாரு!"

காத்தாடிப் போர்வைன்னா என்ன? பழைய சீலையை முக்கோணமா வெட்டி, செவப்பு ஒண்ணு வெள்ளை ஒண்ணுன்னு எட்டுத் துண்டு சேக்கணும். எட்டு முனையும் நடுவுல வந்து முட்டணும். பாத்தா காத்தாடியேதான். அந்த மாதிரி கட்டம் கட்டமா தைச்சு ஒட்டணும்.

சரக் சரக்குன்னு வெட்டினா. மயிலு அளவுக்கே வெட்டினா, தையலுக்குள்ள போற துணியை மறந்துட்டா! போர்வை சுருங்கிப்போச்சு. கால் வெளிய. காத்து வந்து உள்ளங்காலை நக்குச்சு.

"அம்மா, குளிருது!"

"நீ வளந்துட்டடி, அதான்"னா பூங்காவனம். விட்டுக்கொடுப்பாளா அவ?

அப்புறம் சுத்தி இன்னொரு வரிசை வெச்சா. கால் மூடிருச்சு. ஆனா அவசரத்துல முனைங்க சேரல, காத்தாடிக்கு நடுவுல ஓட்டை. காத்து அதுல வாயை வெச்சு "உய்ய்ங்"குன்னு சீட்டியடிச்சுது. தெருவே சிரிச்சுது. அவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

அப்புறம் மூக்கைத் துடைச்சுக்கிட்டு, பட் பட்டுன்னு அத்தனை தையலையும் பிரிச்சா. இந்தத் தடவை வாயே திறக்கல. முனைக்கு நேரா முனையை வெச்சு, ஊசி குத்திப் பிடிச்சுக்கிட்டு, நடுவுல இருந்து ஓரத்துக்குத் தைச்சா. ம் சொல்லு...

காத்து வந்துச்சு. கால்கிட்ட வழி இல்ல. நடுவுல தடவுச்சு, ஓட்டை இல்ல. அப்போ அதுக்கு ரோஷம் வந்துருச்சு. "நான் ஊதிச் சுத்தாத காத்தாடியா?"

"ஹூ!" சுத்தல. "ஹூஊ!" அசையல. கன்னம் உப்ப "ஹூஊஊஊ!" ம்ஹூம். மூச்சு வாங்கி உக்காந்துருச்சு.

"தாயே, முடியல. தூக்கமா வருது. ஓரமா இடம் குடேன்."

பூங்காவனம் இடுப்புல கை வெச்சு நின்னா. பெருமைன்னா பெருமை, அப்படி ஒரு பெருமை! "கால்மாட்டுல படு. என் பொண்ணை எழுப்புன, உன்னையும் சேத்துத் தைச்சுப்புடுவேன்!"

மயிலு அதுக்குள்ள குர்ர்ர்...

காத்தும் படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு. ம் சத்தத்தையே காணோமே? சரி, தூங்கு.