கீரி கட்டிய குட்டைச் சுவர்

குளத்தங்கரைக் காட்டில் ஒரு மண்மேடு. மேட்டின் விளிம்பில் முள்வேலி. வேலிக்கு உள்ளே செம்பி என்ற கீரியின் வளை. அதில் மூன்று பச்சிளம் குட்டிகள். மேட்டுக்குக் கீழே ஒரு தடம். மொத்தன் என்ற காட்டுப்பன்றி அந்தத் தடத்தில்தான் தினமும் குளத்துக்குப் போகும்.

போகிற பன்றி சும்மா போகுமா? மேட்டின் அடியைக் கிளறும். முதுகு அரித்தால் அதிலேயே உரசும். மண் சரிந்து சரிந்து, வேலியே சாய ஆரம்பித்துவிட்டது.

“அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போங்க! உள்ளே குட்டிங்க இருக்கு!” என்றது செம்பி.

“தடம் எனக்குப் பத்தலை. நீ வேற இடம் பாரு!” என்றது பன்றி.

செம்பிக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. “நான் ஏன் போகணும்? இங்கேதான் இருப்பேன்!”

அன்றே கற்களை உருட்டி வந்து, மேட்டடியில் ஒரு குட்டைச் சுவர் எழுப்பியது. பன்றி நின்று பார்த்தது.

“சுவரா இது? இடுக்கு இடுக்காப் பல்லிளிக்குதே!”

கேட்டதும் செம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளத்துக் களிமண்ணை வாரி வந்து எல்லா இடுக்கையும் அடைத்தது. பக்கத்தில் குடியிருந்த தவளை பதறியது.

“அக்கா, அடைக்காதீங்க! மேட்டுக்குள்ள இறங்குற மழைத்தண்ணி வெளியே வர வழி வேணுமே!”

“என் எல்லையை ஒரு சொட்டுத் தண்ணிகூடத் தாண்டக் கூடாது!”

மழை வந்தது. கொட்டித் தீர்த்தது. மேட்டு மண் தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பியது. சுவர் வயிறு தள்ளியது. பிறகு மடமடவென்று சரிந்தது. கூடவே பாதி வேலியும் போயிற்று. வளையின் வாய் பிளந்து, குட்டிகள் வீறிட்டன. செம்பி ஒவ்வொன்றாகக் கவ்விப் போய், மேட்டுக்குப் பின்னால் ஒரு புதருக்குள் விட்டது. தப்பு தன்மேல்தான் என்று அதற்குத் தெரியும். அதனாலேயே ஆத்திரம் இன்னும் கூடியது.

“அப்பவே சொன்னேனே! கிளம்பு, கிளம்பு!” என்று கெக்கலித்தது பன்றி.

செம்பி அதன் பக்கமே திரும்பவில்லை. தவளையிடம் போனது.

“உன் பேச்சைக் கேட்காதது என் தப்புதான். இப்போ சொல்லு, என்ன செய்யணும்?”

“களிமண் வேண்டாம். சுவருக்குப் பின்னாடி சரளைக் கல்லைக் கொட்டுங்க. அடியில் இடுக்கு விடுங்க. தண்ணி தானா வடிஞ்சிடும்!”

செம்பி மறுபடி முதல் கல்லிலிருந்து ஆரம்பித்தது. கால் நகம் தேய்ந்தது. விடவில்லை.

“மறுபடியும் ஓட்டைச் சுவரா? காடே சிரிக்கும்!” என்றது பன்றி.

“சிரிச்சிட்டுப் போகட்டும்! தண்ணிக்கு வழி விடுவேன். உனக்கு விடமாட்டேன்!”

அடுத்த மழையில் இடுக்குகள் வழியே தண்ணீர் சலசலவென்று வடிந்தது. சுவர் அசையவில்லை. பன்றிக்குப் பொறுக்கவில்லை. ஓடி வந்து தோளால் முட்டியது. தோள்தான் கன்றிப்போனது.

செம்பி வளையின் வாயைச் சரிசெய்து, குட்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தது. பிறகு வேலியோரம் வந்து நின்றது.

“இன்னொரு தரம் முட்டிப் பாரேன்!”

பன்றி காது கேட்காத மாதிரி, தடத்தின் மறுஓரமாக நொண்டிக்கொண்டே போனது.

எதிர்த்து நிற்கத்தான் வேண்டும். ஆனால் யாரை எதிர்ப்பது, எதற்கு வழிவிடுவது என்று தெரிந்தவர் கட்டிய சுவரே நிற்கும்.